கோதுமைக் கோபுரத்தைப் பார்த்த பத்தொன்பது ஆன்டெனாக்கள்

கேரவன் பார்க், ஒன்பதாம் எண் இடம்,
கில்டூனா.
செப்டம்பர் மாதம், ஞாயிறு, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு.

மதிப்புக்குரிய மச்சான் வார்விக் அவர்களுக்கு,

உங்கள் தங்கை நோலீனின் கணவன் க்ளெம் ட்ரெலோர் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நான் சுகம். நோலீன் சுகம் என்றே நினைக்கிறேன். கார் சுகம். கேரவன் கூரைக்குக் கீழே சுகம். வயாலாவில் நீங்களும், உங்கள் இடுப்பில் வைத்த புது மூட்டும் சுகமாக இருக்க வேண்டுகிறேன்.

இன்று சாயங்காலம் நோலீன் லாரி எடைமேடைப் பக்கம் நடந்து போய் உங்களுக்குப் போன் செய்வாள். இந்த ஊரில் போனுக்குச் சிக்னல் கிடைப்பது அந்த ஒரு இடத்தில்தான். அவள் சொல்லப் போவது அவள் கட்சி. என் கட்சி உங்கள் காதில் முதலில் விழ வேண்டும் என்றுதான் அவசரமாக இதை எழுதுகிறேன். கடிதம் வியாழக்கிழமைக்கு முன் வந்து சேராது என்று எனக்கும் தெரியும். இருந்தாலும் எழுத்து எழுத்துதான், பேச்சு பேச்சுதான்.

உங்களுக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் வரிசையாகச் சொன்னால்தான் என் மனம் அடங்கும். போர்ட் ஜெர்மைனில் வெள்ளைக் காக்கடூக் கிளிக் கூட்டம் ஒன்று எங்கள் பழைய ஆன்டெனாவின் ஒயரை ஒரே காலையில் தின்று தீர்த்தது. வயாலாவில் நீங்கள் அதைப் பார்த்துவிட்டு, "புதுசு வரவழை, நான் கூடவே வந்து மாட்டிக் கொடுத்துட்டுப் போறேன்" என்றீர்கள். நான் வேண்டாம் என்றேன். முப்பத்தொரு வருஷம் நகராட்சியில் ரோடு போட்டவனுக்கு, கூரையில் நாலு திருகு போடத் தெரியாதா என்று கேட்டேன். பதிலுக்கு நீங்கள் டீயைக் குடித்தீர்கள். அந்த டீயை நீங்கள் குடித்த விதம் மூன்று நாளாக என் கண்முன் நிற்கிறது.

நோலீன் இந்த நாடு சுற்றும் பயணத்துக்கு ஒரே ஒரு நிபந்தனையின் பேரில்தான் சம்மதித்தாள் என்பதும் உங்களுக்குத் தெரியும். நம் பேத்தி பிரைடி பெரிய ஃபுட்பால் அணியில் ஆடும் முதல் மேட்ச் எப்போது வந்தாலும், நாங்கள் எந்தப் பொட்டல்காட்டில் இருந்தாலும், அதை அவள் டி.வி.யில் பார்த்தாக வேண்டும். இல்லையென்றால் கிடைக்கிற முதல் பஸ்ஸில் அடிலெய்டு, கேரவன் விற்பனைக்கு. அந்த மேட்ச் நேற்று, சனிக்கிழமை, மத்தியானம் ஒன்று பத்துக்கு. அடிலெய்டு பஸ் இந்த ஊர் வழியாகப் போவது வாரத்தில் இரண்டு நாள், சனி மூன்றரைக்கும் செவ்வாய் மூன்றரைக்கும். இந்தக் கணக்கை நோலீன் புதன்கிழமை ராத்திரியே விசாரித்து வைத்துவிட்டாள்.

ஒரு நிமிடம். காற்று திசை மாறுகிற மாதிரி இருக்கிறது. எழுந்து பார்த்துவிட்டு வந்தேன். கூரையில் ஆன்டெனாவைக் கட்டிய கயிறு அப்படியேதான் இருக்கிறது. அவளுடைய பெட்டியும் கதவோரத்தில் அப்படியேதான் இருக்கிறது.

வியாழக்கிழமை காலை தபால் ஆபீஸில் புது ஆன்டெனா வந்து காத்திருந்தது. பெட்டி ஆள் உயரம். கூரைக்கு ஏற இந்தப் பார்க்கில் ஒரே ஒரு ஏணிதான் உண்டு. அதைச் சங்கிலி போட்டுப் பூட்டி வைத்திருப்பவள் பார்க்கை நடத்தும் டல்சி என்கிற அம்மாள். போன வருஷம் ஒருவர் அதிலிருந்து விழுந்து அவளுடைய ரோஜாச் செடியை நாசம் பண்ணிவிட்டாராம். அவருக்கு என்ன ஆயிற்று என்று அவள் சொல்லவில்லை. ஐந்து மணிக்குள் திருப்பித் தர வேண்டும் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் கொடுத்தாள். நான் வெயிலுக்காக என் பழைய வேலைச் சட்டையை மாட்டிக்கொண்டு மேலே ஏறினேன். நகராட்சியில் கொடுத்தது, அரை மைல் தூரத்துக்குப் பளிச்சென்று தெரிகிற மஞ்சள் சட்டை. சட்டைதான் வினையாக முடிந்தது, ஆனால் அது பிறகு.

நான் ஏறி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, கீழே நாற்காலிகள் விரிகிற சத்தம் கேட்டது. இந்தப் பார்க்குகளின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஒருவன் கேரவனைப் பின்னுக்குத் தள்ளி நிறுத்தினாலோ கூரையில் ஏறினாலோ, மற்ற ஆண்கள் அத்தனை பேரும் ஆளுக்கு ஒரு நாற்காலியும் ஒரு பீரும் எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து யோசனை சொல்வார்கள். ஒருவனும் ஏணியைப் பிடிக்க மாட்டான். பக்கத்து இடத்துக் கீத், ஆட்டு ரோமம் கத்தரிக்கும் கும்பலுக்கு முப்பது வருஷம் சமைத்துப் போட்டவர், பழைய திருகுகளைக் கழற்றும்போது சுடுதண்ணி ஊற்றச் சொன்னார். இன்னொருவர் ஊற்றக் கூடாது என்றார். அவர்கள் இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசி முடிப்பதற்குள் நான் பழையதை எடுத்து, ஓட்டையைப் பசை வைத்து அடைத்து, புதியதைப் பொருத்தி, மட்டப்பலகை வைத்துப் பார்த்து, பூஸ்டர் ஒயரையும் உள்ளே விட்டுவிட்டேன். மட்டம் ஒரு மயிரிழைகூடப் பிசகவில்லை, மச்சான். ரோடு போட்டவன் கை.

எந்தத் திசையில் பொருத்தினேன் என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும். எந்தத் திசையிலும் பொருத்தவில்லை. முதலில் இறுக்கிவிடுவோம், திருப்புவது பிறகு என்று இருந்தேன். இறுக்கும்போது அதன் மூக்கு ஊருக்கு மேற்கே நிற்கிற, கோதுமை கொட்டி வைக்கும் கோபுரங்களைப் பார்த்திருந்தது, குறுக்குக் கம்பிகள் படுத்திருந்தன, அவ்வளவுதான். உள்ளே வந்து டி.வி.யைப் போட்டால் ஒரு சேனலும் இல்லை. திரும்ப ஏறலாம் என்று பார்த்தால் முட்டி மடங்கவில்லை, ஏணியை வாங்கிப்போக டல்சி வந்து நின்றுகொண்டிருந்தாள். நோலீன் அப்போது, "ஊருக்குள்ள நடந்து போயிட்டு வந்தேன், க்ளெம், அங்க என்னன்னா" என்று ஆரம்பித்தாள். இப்போது வேண்டாம், ஸ்பேனர் ஒன்று குறைகிறது, அதைத் தேடு என்றேன்.

நான் மேலே இருந்த நேரத்தில்தான் ஏழு கேரவன்கள் கூட்டமாக உள்ளே வந்திருக்கின்றன. ஏதோ ஒரு சங்கம், ரெக்ஸ் என்று ஒரு தலைவர், அவருக்குக் கழுத்தில் விசில். வெளியூரில் வந்து இறங்குகிறவன் ஆன்டெனாவை எந்தப் பக்கம் திருப்புவது என்று யாரிடமும் கேட்க மாட்டான், கேட்டால் மானம் போய்விடும். பக்கத்தில் இருப்பவனுடையது எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம் தானும் திருப்பிவிட்டுச் சும்மா இருந்துவிடுவான். நானும் இருபது ஊரில் அப்படித்தான் செய்திருக்கிறேன், நீங்களும் செய்திருக்கிறீர்கள். அந்த ஏழு பேரும் என்னுடையதைப் பார்த்து ஏழையும் கீழேயிருந்தே கழியால் தள்ளிக் கோதுமைக் கோபுரத்துக்குத் திருப்பினார்கள். ஏற்கெனவே இங்கே தங்கியிருந்த பதினோரு பேர், படம் கண்ணாடி மாதிரி தெரிந்துகொண்டிருந்தவர்கள், புதிதாக வந்த எட்டும் ஒரே பக்கம் பார்ப்பதைக் கண்டு, இவர்களுக்கு நமக்குத் தெரியாத ஏதோ தெரிந்திருக்கிறது என்று தங்களுடையதையும் திருப்பி, கம்பிகளையும் தட்டிப் படுக்க வைத்துவிட்டார்கள். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதை.

இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. வெள்ளிக்கிழமை காலை டீக் கோப்பையோடு வெளியே வந்து பார்க்கிறேன், பத்தொன்பது ஆன்டெனாவும் என்னுடையது பார்க்கிற பக்கமே பார்க்கின்றன. அப்பாடா, திசை சரி என்று எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா. அப்படியானால் கோளாறு உள்ளேதான் என்று முடிவு செய்தேன். ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம். அன்று முழுக்க நான் ஒயரைத்தான் குற்றம் சொன்னேன். படுக்கையைத் தூக்கி வெளியே வைத்தேன், அலமாரியின் பின்பலகையைக் கழற்றினேன், பூஸ்டரைப் பிரித்தேன், மூடினேன், திரும்பவும் பிரித்தேன். நோலீன் தட்டுமுட்டுச் சாமான்களுக்கு நடுவே புல்லில் உட்கார்ந்து பீட்ரூட் சான்ட்விச் சாப்பிட்டாள். நடுவில் இரண்டு தரம், "நேத்து நான் ஊருக்குள்ள பாத்தது" என்று வாயெடுத்தாள். இரண்டு தரமும் நான் தலையை அலமாரிக்குள் விட்டிருந்தேன், அங்கே சரியாகக் கேட்காது.

அன்று ஐந்து மணிக்கு, வழக்கம்போல எல்லோரும் தங்கள் நாற்காலியும் தங்கள் பாட்டிலுமாக நடு மைதானத்தில் கூடினோம். யாருக்கும் படம் இல்லை. ரெக்ஸ் சொன்னார்: "திசை சரிதான், மாப்ளே. நேத்து நகராட்சியிலேர்ந்து ஒரு ஆளு வந்து கூரை மேல நின்னு கருவி வச்சு அளந்துட்டுப் போனான். நானே பாத்தேன். மஞ்சச் சட்டை." நான் நீல ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு அவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு உறைக்கவில்லை. நகராட்சியே வந்து அளந்திருக்கிறது, இனி என்ன சந்தேகம் என்று தலையாட்டினேன். கீத் என்னை ஒரு மாதிரி பார்த்தார், ஆனால் அவர் வாயில் சாஸேஜ் இருந்தது.

சனிக்கிழமை காலை எழுந்தபோது நோலீன் பெட்டி கட்டி முடித்திருந்தாள். சண்டை இல்லை, முகம் தூக்கல் இல்லை. துணிகளை ஒழுங்காக மடித்து, மாத்திரைகளை மேலே வைத்து, கதவோரத்தில் வைத்துவிட்டு, ரொட்டி வாங்கப் போனாள். நாற்பத்தோரு வருஷத்தில் அவள் கோபித்து நான் பார்த்திருக்கிறேன், அவ்வளவு அமைதியாக மடித்து நான் பார்த்ததில்லை. அவள் இல்லாமல் இந்த வண்டியை நான் எங்கே கொண்டுபோவது? ஊர் ஊராகப் போய் யாருக்கு எதைக் காட்டுவது? ஊரில் உள்ள மதுக்கடைக்கு ஓடினேன். அங்கே இரண்டு டி.வி.யிலும் குதிரைப் பந்தயம் ஓடிக்கொண்டிருந்தது, சேனலை மாற்றச் சொன்னதற்குப் பந்தயம் கட்டியவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். டல்சியிடம் டி.வி.யே இல்லை. பன்னிரண்டே காலுக்கு நான் கேரவன் படியில் உட்கார்ந்திருந்தபோது நோலீன் ரொட்டியோடு வந்தாள். அன்றைக்குத்தான், வேறு வழியில்லாமல், அவள் சொன்னதை முழுதாகக் கேட்டேன்.

"க்ளெம், இந்த ஊர்ல ஒவ்வொரு வீட்டு ஆன்டெனாவும் குன்றைப் பாத்துத்தான் நிக்குது. கம்பியெல்லாம் நெட்டுக்குத்தா நிக்குது. வியாழக்கிழமையே பாத்தேன். நம்ம பார்க் மட்டுந்தான் கோதுமைக் கோபுரத்தப் பாத்துக் கும்பிட்டுக்கிட்டு இருக்கு."

அப்போதுதான் அந்த மஞ்சள் சட்டை ஆள் யார் என்று எனக்கு விளங்கியது. அந்தச் சட்டை உள்ளே கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது.

டல்சியிடம் ஓடி ஏணியைக் கேட்டேன். குன்றுதான், அதுவும் கம்பிகளைப் படுக்கப் போட்டால் படம் வராது, நிமிர்த்தி வைத்தால்தான் வரும், இதெல்லாம் ஆபீஸ் கதவிலேயே பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறது, பன்னிரண்டு வருஷமாக ஒருவரும் படித்ததில்லை என்றாள். ஏணி தர மாட்டேன் என்றும் சொன்னாள். நோலீன் பின்னால் வந்து பேத்தியைப் பற்றிச் சொன்ன பிறகுதான் சங்கிலியை அவிழ்த்தாள். நான் மேலே ஏறி மூக்கைக் குன்றுக்குத் திருப்பிக் கம்பிகளை நிமிர்த்தினேன். கீழேயிருந்து கீத், "வந்துடுச்சு" என்றார். கையை எடுத்தேன். கம்பிகள் தொப்பென்று படுத்துக்கொண்டன. "போயிடுச்சு" என்றார். நிமிர்ந்த நிலையில் நிறுத்தி வைக்க விரல் நீளத்தில் ஒரு பூட்டு ஆணி வேண்டும். படுக்கை நிலைக்கு அது தேவையில்லை, அதனால் வியாழக்கிழமை நான் அதைத் தேடவே இல்லை. இப்போது பையில் இல்லை, புல்லில் இல்லை, கையேட்டில் படம் மட்டும் இருக்கிறது. குச்சி வைத்தேன், உடைந்தது. கயிறு கட்டினேன், காற்று அவிழ்த்தது. மணி ஒன்று ஐந்து. நான் கேரவன் கூரை ஓரத்தில் முட்டி போட்டு, இரண்டு கையாலும் அதை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டேன். அப்படியே இருந்துவிட்டேன்.

இதற்குள் நோலீன் பார்க் முழுவதும் விஷயத்தைச் சொல்லிவிட்டாள். படுக்க வைக்கக் கழி போதும், மற்றவர்கள் தங்கள் கம்பிகளை நிமிர்த்த ஏணி வேண்டுமே, ஏணி என்னிடம் இருக்கிறதே. ஆகவே முப்பது நாற்பது பேர் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு எங்கள் பந்தலுக்குக் கீழே வந்துவிட்டார்கள், ரெக்ஸ் விசிலோடு. டி.வி.யை வெளியே மேஜையில் வைத்தார்கள். மேட்சை நாலாகப் பிரித்த நாலு காலாட்டத்தையும் எல்லோரும் பார்த்தார்கள், என்னைத் தவிர. எனக்குத் தெரிந்தது குன்று, வானம், பக்கத்துக் கேரவன் மேல் வரிசையாக உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்த இளஞ்சிவப்புக் காக்கடூக்கள். தொப்பி முதல் காலாட்டத்திலேயே பறந்து டல்சியின் ரோஜாவுக்குள் போய்விட்டது.

நோலீன் உள்ளே கட்டில் மேல் ஏறி, கூரை ஜன்னலைத் திறந்து தலையை வெளியே விட்டாள். வாசல் வழியாக எட்டி டி.வி.யைப் பார்ப்பதும் என் பக்கம் திரும்பிச் சொல்வதுமாக இருந்தாள். "இன்னும் பெஞ்சுலதான் உக்காந்திருக்கா. ஷூ லேசை அவுத்து அவுத்துக் கட்டுறா." பிறகு, "எழுந்துட்டா. உள்ள ஓடுறா, க்ளெம், உள்ள ஓடுறா." நான் வேறென்ன செய்ய முடியும், கேட்டுக்கொண்டே இருந்தேன். யாரிடம் பந்து, யார் தள்ளிவிட்டது, நடுவர் எப்படி முழிக்கிறார், பிரைடி ஓடும்போது எப்படி நம் மகளைப் போலவே தோளைச் சாய்க்கிறாள், எல்லாம் சொன்னாள். அவ்வளவு நன்றாகச் சொல்வாள் என்று எனக்குத் தெரியவே தெரியாது. பந்து பற்றி மட்டும் சொன்னாள் என்று இல்லை. மகள் பிறந்த வருஷத்துக் கதை ஒன்று, என்னோடு பேச நினைத்து விட்டுப்போன வேறு சிலது, எல்லாம் இடைவேளைகளில் வந்தது. கை மரத்துப் போயிருந்ததால் நானும் ஒன்றும் மறுத்துப் பேசவில்லை.

கடைசிக் காலாட்டம். "பந்தை எகிறிப் பிடிச்சுட்டா" என்றாள் நோலீன். கோல் கம்பங்களுக்கு நேர் எதிரே, நாற்பது மீட்டர் தூரம், தடுக்க ஆளில்லாத உதை. "பின்னால போறா. ஓடி வர்றா. உதைச்சுட்டா!" என்றாள். நான் இரண்டு கையையும் தூக்கிவிட்டேன்.

கீழே எழுந்த கூச்சலை நான் எழுத விரும்பவில்லை. கம்பிகளைத் தேடிப் பிடித்து நிமிர்த்தியபோது பந்து நடு மைதானத்துக்கு வந்துவிட்டது. கோலுக்கு ஆறு புள்ளி, ஏறியிருந்தது ஒன்றே ஒன்று, ஆகவே கம்பத்தில் பட்டிருக்க வேண்டும் என்று கீத் கணக்குச் சொன்னார். நம் பேத்தி பெரிய ஆட்டத்தில் உதைத்த முதல் உதையை இந்தப் பார்க்கில் ஒரு உயிரும் பார்க்கவில்லை. ரெக்ஸ் இன்றுவரை என்னோடு பேசவில்லை. நோலீன் மட்டும் கட்டில்மேல் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். அது நல்ல சிரிப்பா, முடிவெடுத்துவிட்ட சிரிப்பா என்று மேலேயிருந்து தெரியவில்லை.

மூன்றரை பஸ் போனது. அவள் போகவில்லை. டீ போட்டாள். ஆனால் பெட்டியைப் பிரிக்கவும் இல்லை. செவ்வாய்க்கிழமை பஸ் இருக்கிறது. நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாள். நேற்றிலிருந்து எனக்கு உட்காரவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை, கயிற்றை மட்டும் எட்டுத் தரம் அவிழ்த்துக் கட்டிவிட்டேன்.

ஆகவே இரண்டு உதவி. ஒன்று, செவ்வாய்க்கிழமை பஸ் பற்றி அவளுக்கு என்ன எண்ணம் என்று, நான் கேட்டதாகக் காட்டிக்கொள்ளாமல் அவளிடம் கேளுங்கள். இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வரும்போது செவ்வாய்க்கிழமை போய்விட்டிருக்கும் என்பது இப்போதுதான் தோன்றுகிறது, இருந்தாலும் கேளுங்கள். இரண்டு, வயாலாவில் பெரிய கடையில் அந்தப் பூட்டு ஆணி கிடைக்கும். விரல் நீளம், ஒரு பக்கம் வளையம். வாங்கி, நாங்கள் அடுத்துப் போகிற செடூனாவின் தபால் ஆபீஸுக்கு அனுப்புங்கள். நீங்கள் நேரில் வர வேண்டாம். வந்தாலும் டீ குடிக்க வேண்டாம்.

உங்கள் இடுப்பு உறுதியாக இருக்கட்டும், தோட்டத்து எலுமிச்சை காய்த்துக் குலுங்கட்டும், வீட்டில் அனைவருக்கும் எங்கள் அன்பு சேரட்டும் என்று வாழ்த்தி விடைபெறும்,

தங்கள் பணிவுள்ள மைத்துனன்,
க்ளெம் ட்ரெலோர்

பி.கு. அண்ணா, இது நோலீன். தபால்பெட்டியில போடச் சொல்லிக் கொடுத்தாரு, உறைப் பசை இன்னும் காயல, பெஞ்சுல உக்காந்து பிரிச்சுப் படிச்சேன். எல்லாம் உண்மைதான், ஆணி காணாமப் போனதத் தவிர. முதல் காலாட்டம் முடிஞ்சப்ப, கட்டில் மேல நிக்க உயரம் பத்தலன்னு ஆன்டெனா வந்த அட்டைப்பெட்டிய மடிச்சுப் போடப் போனேன். மூடிக்கு உள்பக்கம் ஆணிய டேப் போட்டு ஒட்டியிருந்துச்சு. கைய நீட்டினா கொடுத்திருக்கலாம். கொடுக்கத்தான் நீட்டினேன். அதுக்குள்ள மேலேர்ந்து, "அப்புறம் என்ன ஆச்சு, நோலீன்?"னு கேட்டாரு. நாப்பத்தோரு வருஷத்துல இந்த மனுஷன் என்கிட்ட அப்படிக் கேட்டதே இல்ல. ஆணியப் பையில போட்டுக்கிட்டுச் சொல்ல ஆரம்பிச்சேன். அதனால பிரைடி உதைச்சத நானும் பாக்கல, பரவாயில்ல. செவ்வாய்க்கிழமை பஸ்ல நான் போகல. அத அவர்கிட்ட நானே சொல்லிக்கிறேன். அடுத்த சனிக்கிழமை செடூனாவுல இருப்போம், மேட்ச் ரெண்டு மணிக்கு. நீ நல்லா இரு. ஆணி மட்டும் வாங்கி அனுப்பிடாதே.